தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

(குகட்பள்ளியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. துணி துவைப்பது, ரேஷன் வாங்குவது, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அந்த ஒரு நாளில்தான். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே வளவளவென்று பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம்.

நம் சங்கத்திலிருந்து ஆறு பேர் சென்ற ஆண்டு இலங்கைக்குப் போய் வந்தோம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. கோயில் பார்த்தோம், கடல் பார்த்தோம், யானையும் பார்த்தோம். அதையெல்லாம் டீக்கடையில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். இன்று சொல்ல வந்தது ஒரு லயத்தைப் பற்றி. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த அறைகளுக்குத்தான் அங்கே லயம் என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு பழைய லயம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினோம். ரயில்வேக்காரர்கள் எங்கே போனாலும் முதலில் தண்டவாளத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கேயும் நம்முடையதைப் போலவே ஐந்தடி ஆறங்குல அகலப்பாதைதான். நம் பாஸ்தான் செல்லாது! கண்டி மாவட்டத்தில் கம்பளை என்றொரு நிலையம். 1820களில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். 1869ல் இலையில் நோய் விழுந்து காப்பி அழிய ஆரம்பித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர, கூலி வேலைக்குத் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஜனங்கள் மாறவில்லை. நம் கிராமங்களில் அந்த நாட்டுக்குக் கண்டிச் சீமை என்று பெயர். இங்கே இருக்கிற பெரியவர்களில் சிலராவது அந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டு அருங்காட்சியகங்களைப் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

முதலாவது கண்டிக்கு அருகே ஹந்தானையில் இருக்கிறது. 1925ல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. மூடிக் கிடந்த கட்டடத்தைத் தேயிலைச் சபையும் தோட்ட முதலாளிமார் சங்கமும் சேர்ந்து புதுப்பித்து, 2001ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய இயந்திரங்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். 1867ல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் முதன்முதல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்ற துரைக்கு அங்கே தனி மரியாதை உண்டு. அதைக் குறை சொல்ல வரவில்லை. இயந்திரத்தைக் காப்பாற்றி வைப்பதும் நல்ல காரியமே. ஆனால் அந்தப் பத்தொன்பது ஏக்கர் காட்டை வெட்டியது யார், குழி தோண்டியது யார், நாற்று நட்டது யார் என்ற கேள்வி எங்கள் மனத்தில் வந்தது. இலைக்கு அங்கே சரித்திரம் இருக்கிறது. இலையைக் கிள்ளிய கைக்கும் சரித்திரம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டுதான் மறுநாள் கம்பளைப் பக்கம் போனோம்.

அங்கே ஓல்ட் பீக்காக் தோட்டத்தில் இருக்கிறது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற அமைப்பு 2007ல் அதை ஏற்படுத்தியது. அரசாங்கம் கட்டியதல்ல, கம்பெனி கட்டியதும் அல்ல. மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாந்து போவான். பழைய லயத்து அறைகள்தான் கட்டடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது லயத்து அறையின் வழக்கமான அளவு. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அதற்குள்தான். நாங்கள் ஆறு பேரும் உள்ளே நுழைந்ததும், முன்னே போனவர் நகர்ந்தால்தான் பின்னே வந்தவர் பார்க்க முடியும் என்ற நிலை. எங்களில் ஒருவர், "நம்ம ரூம் மாதிரியே இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு யாரும் பேசவில்லை.

தோட்டத்து ஜனங்களின் வீட்டிலும் வேலையிலும் புழங்கிய பொருட்கள்தான் அங்கே காட்சிப் பொருட்கள். பாத்திரங்கள், வேலைக் கருவிகள், பழைய புகைப்படங்கள், காகிதங்கள். ஏலத்துக்குப் போனால் ஒன்றுக்கும் விலை கிடைக்காது. தோட்டத்துப் பிள்ளையான ஓர் இளைஞர் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. தன் வீட்டுச் சாமானைக் காட்டுகிற மாதிரி காட்டினார். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்பது கணக்கு. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. இதை அவர் சொன்னதும், நம் மேஸ்திரி நோட்டில் போடுகிற அரை நாள் கணக்கு எங்கள் கண்முன் வந்து நின்றது.

துண்டு என்றொரு காகிதத்தைப் பற்றி விளக்கினார். ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனவன் கங்காணி. கிளம்பும்போதே முன்பணம் கொடுத்துவிடுவான். போகிற வழியில் தின்ற சோறும் அந்தக் கடனில் ஏறும். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், 'இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆளை விடச் சம்மதம்' என்று துரை எழுதிய துண்டு வேண்டும். கடன் கைமாறும்போது ஆளும் கைமாறினான். 1921ல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

இன்னொன்று தகர வில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901 வாக்கில் வந்த ஏற்பாடு. தோட்டத்தின் எண் பொறித்த சிறிய தகட்டைக் கங்காணி ஊரில் கொண்டுவந்து ஆட்களுக்குக் கொடுப்பான். அதைக் கட்டிக்கொண்டு போனால் கையில் காசு இல்லாமலே தோட்டம் வரை அனுப்பிவைப்பார்கள். செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாம், பிறகு மண்டபம் முகாம். 1914ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் ரயில்.

ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்கு இந்தத் தகட்டைப் பற்றிக் கேட்டதும் பார்சல் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. 'டு பே' பார்சல் என்று உண்டு. அனுப்புகிறவர் காசு கட்ட வேண்டாம், பெற்றுக்கொள்கிறவர் கட்டுவார். சரக்கின் மேல் சீட்டு ஒட்டியிருக்கும். நம் பாட்டன்மார் 'டு பே' சரக்காகப் போயிருக்கிறார்கள், தோழர்களே! பெற்றுக்கொண்ட இடத்தில் காசு கட்டினால் பார்சலின் கணக்கு தீர்ந்தது. மனிதன் கணக்கோ அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களோடு ஓர் அம்மா வந்திருந்தார். இங்கே கட்டட வேலையில் சித்தாளாக இருந்து ஓய்ந்தவர். அவருடைய பாட்டியின் தம்பி கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பவில்லை. அந்த அம்மா ஓர் அம்மிக்கல்லின் முன்னால் நின்றுவிட்டார். "எங்க ஆத்தா வீட்டு அம்மி மாதிரியே இருக்குது தம்பி" என்றார். பிறகு, தாத்தாவின் பெயரைச் சொல்லி, "அவரு பேரு இங்க எதுலயாச்சும் இருக்குமா?" என்று கேட்டார். அந்த இளைஞர் மரியாதையாகத் திருப்பிக் கேட்டார்: "எந்தத் தோட்டம்மா? எந்தக் கங்காணியோட வந்தாரு?" அம்மாவுக்குத் தெரியவில்லை. பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு எண் போட்டு, கப்பல் போட்டு, ஊர் போட்டு, பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்துப் பதிவு செய்தார்கள். சரக்கு தொலையக் கூடாது என்பதற்காகச் செய்த பதிவுதான் அது. ஆனாலும் அந்தப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. பேரனும் கொள்ளுப்பேரனும் போய்த் தேடித் தங்கள் முன்னோரைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் என்ற துறைமுகப் படிக்கட்டு 2006ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இலங்கைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கங்காணியின் பின்னால் கூட்டமாக நடந்து போனவர்கள். அவர்களுடைய பெயர் கங்காணியின் கணக்கு நோட்டோடு போயிற்று. அதனால்தான் கம்பளையில் இருக்கிற அருங்காட்சியகம், சர்க்கார் பீரோவை நம்பாமல், ஜனங்களின் வீட்டுப் பரணிலிருந்து சரித்திரத்தை இறக்க வேண்டியிருக்கிறது.

காகிதம் இல்லையென்றால் ஞாபகம் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். உரிமையும் போகும். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்தவனாக இருந்தாலும், அப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைத்தார்கள்? 1949ல் இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரிக்கு முன் கல்யாணமானவர்கள் ஏழு ஆண்டும், ஆகாதவர்கள் பத்து ஆண்டும் இடைவிடாமல் அங்கே குடியிருந்ததை நிரூபித்தால் குடியுரிமை கேட்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் நாடற்றவர்கள்!

அவர்களுக்காக 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. 1974ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாய் ஒரு தேசம், மகள் ஒரு தேசம் என்று குடும்பங்கள் பிரிந்தன. தாத்தா தகட்டைக் கட்டிக்கொண்டு போன அதே மண்டபம் முகாமில், பேரன் திரும்பிவந்து இறங்கினான். பிற்பாடு போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் அதே முகாமில்தான் தங்கவைத்தார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் இலங்கையில் 2003ல்தான் வந்தது. இத்தனைக்கும் மூலகாரணம் அரசியல்தான், காகிதம் அல்ல. ஓட்டுரிமையைப் பறிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் 'காகிதம் காட்டு' என்பதுதான். இதை நாம் மறக்கக் கூடாது.

அந்த ஜனங்கள் அழுதுகொண்டே இருந்துவிடவும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் 1931ல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாட்டுப் பாடியே தொழிலாளிகளைத் திரட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பதினாறு சதம் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசின் குண்டுக்குப் பலியானார். 2023ல், முன்னோர் நடந்துபோன பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, ஜனங்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டு உழைத்தோம், சம உரிமை எங்கே என்பது அவர்கள் கேள்வி. பழைய பாதை எதுவென்று நினைவு வைத்திருந்ததால்தான் அதில் நடக்க முடிந்தது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நாம் இருக்கிற ஊரைச் சுற்றிப் பாருங்கள். 1806ல் செகந்திராபாத் பெயர் பெற்ற காலத்திலிருந்தே மதராஸ் படையோடு வந்த தமிழர்கள் இங்கே உண்டு. 1874ல் வாடியிலிருந்து ரயில் வந்தது. பிறகு லாலாகுடா பட்டறை வந்தது. ஆல்வின், ஐ.டி.பி.எல். என்று இந்தப் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. நம் ஆட்கள் லேத்தில் நின்றார்கள், பாய்லரில் நின்றார்கள். அந்தப் பழைய ஆலைகள் ஓய்ந்த பிறகு, அடுக்குமாடிக் கட்டடங்களின் சாரத்தில் ஏறினார்கள். 2017 நவம்பரில் குகட்பள்ளி வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியது. அந்தத் தூண்களுக்கு அடியில்தான் இன்றும் காலையில் அட்டாவில் கூலிக்கு நிற்கிறோம். ஐதராபாத்தில் சாலார் ஜங் மியூசியம் இருக்கிறது. நிஜாமின் வெள்ளிச் சாமான்களைப் பார்க்கத் தனி மியூசியமும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால் கொத்தனாரின் கரண்டி எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. நாம் வைக்காவிட்டால் இருக்கவும் இருக்காது.

நமக்குத் தெரிந்த இரண்டு பேர் கதையைச் சொல்கிறோம். இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். தொழிற்சாலையை மூடினார்கள். ஒருவர் இருபத்திரண்டு வருடச் சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கணக்கில் அவருடைய பெயரை ஓர் எழுத்துத் தப்பாகப் பதிந்திருந்தார்கள்; சீட்டைக் காட்டிச் சரிசெய்து வைப்பு நிதியை வாங்கினார். இன்னொருவர் சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அவருக்காகச் சங்கம் நாலு வருஷம் அலைந்தது. பணம் வருவதற்குள் அவர் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு பிஸ்கட் டின்தான்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், அதில் கூலியும் முன்பணமும் எழுத வேண்டும் என்று 1979ல் சட்டம் வந்தது. 2020ல் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் கண்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை! முதலாளி எழுதாத புத்தகத்தை நாம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே செயற்குழுவின் சார்பில் ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறோம். சங்க அறையில் ஒரு இரும்புப் பெட்டி வைப்போம். இதற்கு மியூசியம் என்று பெரிய பெயர் வேண்டாம்.

முதலாவது, உயிருள்ள காகிதத்தின் அசலை யாரும் பெட்டியில் போட வேண்டாம். ஆதார், கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை, ஈ-ஷ்ரம் அட்டை, வைப்பு நிதி எண் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நகலை மட்டும், உங்களுக்கு இஷ்டம் இருந்தால், உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். அது வேறு யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது, காலம் முடிந்த பொருட்களைக் கொடுங்கள். மூடிப்போன ஆலையின் கேட் பாஸ், மேஸ்திரியின் கூலி நோட்டு, தேய்ந்த கரண்டி, சும்மாடு, ஊரிலிருந்து வந்த கடுதாசி, போராட்டத்தில் ஒட்டிய நோட்டீஸ், எதுவானாலும் சரி. பொருளோடு நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: யாருடையது, எந்த ஊர், எந்த வேலை, எந்த வருஷம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், எழுத நாங்கள் இருக்கிறோம். அந்த நான்கு வரி இல்லாவிட்டால் கரண்டி வெறும் இரும்புதான்.

மூன்றாவது, வயதானவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யட்டும். குறிப்பாக அம்மாக்கள் பேசுவதை. எந்த ரயிலில் வந்தீர்கள், முதல் கூலி எவ்வளவு, கைக்குழந்தையை எங்கே தூளி கட்டிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். இதை எந்தக் கம்பெனி ரிகார்டும் சொல்லாது.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகளைக் கேட்டோம். வாடகைக்கே வழியில்லாத சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார் ஒரு தோழர். நியாயமான கேள்விதான். பெட்டி ஒன்று, பூட்டு ஒன்று, கரையானுக்கு மருந்து, ஒரு தடித்த நோட்டு. இவ்வளவுதான் செலவு. சாவி மூன்று பேரிடம் இருக்கும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பார். இன்னொன்று ஒரு கல்லூரி மாணவர் சொன்னது: கஷ்டப்பட்டதை எல்லாம் காட்சிக்கு வைப்பது வெட்கமாக இல்லையா? தம்பி, கம்பளையில் அந்த லயத்தைப் பார்த்தபோது எங்களுக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தோம். பத்தடி அறையில் பத்துப் பேரை அடைத்தவனுக்கு வராத வெட்கம், அதில் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஏன் வர வேண்டும்?

எங்களோடு வந்த அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஊர் திரும்பும்வரை அவர் அதிகம் பேசவில்லை. சென்ற வாரம் சங்க அறைக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பித்தளை டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலைத்தளத்தில் உள்ளே போகும்போது கொடுப்பார்களே, எண் அடித்த டோக்கன், அதுதான். கடைசி நாளன்று திருப்பிக் கொடுக்க மறந்துபோய்விட்டாராம். "எழுதிக்கோ தம்பி" என்றார். பெயர், ஊர், தகப்பனார் பெயர், வேலை, வருஷம் எல்லாம் சொன்னார். எழுதி முடித்ததும், "எனக்கு முன்னால எங்க பாட்டியோட தம்பி பேரையும் எழுது. கண்டிச் சீமைக்குப் போனாரு, தோட்டம் தெரியலைன்னு போடு" என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறோம். பெட்டியின் நோட்டில் முதல் பக்கம் அதுதான். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.